ஊமையாகிப் போன கணிப்பொறி

புனே நகரிலிருந்து பம்பாய்ச் சாலையில் வருவோர் போபோடியைத் தாண்டி, முளா ஆற்றின் மீதுள்ள ஹாரிஸ் பாலத்தைக் கடந்தால் தாபோடி வந்துவிடும். இரயில் நிலையமும், மாநிலப் போக்குவரத்துக் கழகத்தின் பட்டறையும், இராணுவப் பொறியியற் கல்லூரியும் அமைந்த இப்பகுதியில் நம்மவர் குடும்பங்கள் பல தலைமுறைகளாக வாழ்ந்து வருகின்றன. ஆற்றுக்கு அப்பால், முதியோர் இன்றும் கிர்க்கி என்றே சொல்லும் கட்கியில், 1869ஆம் ஆண்டில் நிறுவப்பெற்ற அம்யூனிஷன் பாக்டரி இருக்கின்றது. அங்கே உழைத்து ஓய்வு பெற்று, இக்கரையில் பென்ஷன் வாங்கிக் காலந்தள்ளும் பெரியவர்கள் சிலரை நான் நன்கு அறிவேன். இக்கட்டுரையின் கதை ஒரு கணிப்பொறியைப் பற்றியதெனினும், அதனால் அல்லலுற்றவர்கள் இப்பெரியவர்களே.

2023ஆம் ஆண்டு நவம்பர் மாதத்தின் இரண்டாம் வாரம். எங்கள் தெருவுக்கு அடுத்த தெருவில் வசிக்கும் அம்மையார் ஒருவர், முகத்தில் கவலை தேங்க என் வீட்டுக்கு வந்தார். அவருடைய கணவர் ஒரு பட்டறைத் தொழிலாளி. அம்மையாரோ வீட்டிலேயே ஒரு மேசைக் கணிப்பொறியை வைத்துக்கொண்டு, தமிழிலும் ஆங்கிலத்திலும் தட்டச்சு செய்து கொடுப்பதும், அக்கம்பக்கத்தார்க்கு விண்ணப்பங்கள் நிரப்பித் தருவதுமாகச் சிறிது பொருள் ஈட்டி வந்தார். ஆண்டுதோறும் நவம்பரில் அவர் வீட்டு வாசலில் பெரியவர்கள் கூடுவர். மத்திய அரசின் பென்ஷன் பெறுவோர் தாம் உயிருடன் இருப்பதற்குச் சான்று அளிக்க வேண்டிய மாதம் அதுவன்றோ? 2014 நவம்பரில் தொடங்கப்பெற்ற ‘ஜீவன் பிரமாண்’ ஏற்பாட்டின்படி, ஆதார் எண்ணைக் கொடுத்து, விரற்பதிவுக் கருவியில் விரலை வைத்தால் போதும். வங்கிக்கு நடக்க வேண்டியதில்லை. அப்பணியை அம்மையாரின் கணிப்பொறியே செய்து வந்தது.

“அண்ணா, மெதுவாக ஓடுகிறதே என்று ராம் வாங்கிப் போட்டோம். போட்டதிலிருந்து திரையே வரவில்லை. பழையபடி மாற்றிப் பார்த்தும் வரவில்லை. வந்து பார்த்த பையன் மதர்போர்டு போய்விட்டது என்கிறான். ஏழாயிரம் ஆகுமாம்.”

அந்த ஏழாயிரம் ரூபாய், பொங்கலுக்கு நால்வரும் ஊர் செல்வதற்கென்று எடுத்து வைத்திருந்த தொகை. இதை அவர் சொல்லவில்லை. மறுநாள் அவர் கணவர் சொல்லித் தெரிந்துகொண்டேன்.

நான் உடனே சென்றேன். மின்னணுக் கருவிகளைப் பழுது பார்ப்பதிலேயே முப்பது ஆண்டுகளைக் கழித்தவன் ஆதலால், ‘போய்விட்டது’ என்ற சொல்லைக் கேட்டாலே எனக்கு ஐயம் எழும். எது போயிற்று, எப்படித் தெரிந்தது என்று கேட்டால் பெரும்பாலோர் விழிப்பர். புதிதாக ஒன்றைச் சேர்த்தவுடன் ஒரு பொறி நின்றுவிட்டால், சேர்த்ததையும் சேர்த்த விதத்தையும் முதலில் ஐயுற வேண்டுமே ஒழிய, அதுவரை ஒழுங்காக உழைத்த உறுப்புகளைக் குற்றஞ் சாட்டுவது முறையன்று.

நான் பெட்டியின் பக்கத் தகட்டைக் கழற்றத் தொடங்கியதும் அம்மையார் பதறினார். “நினைவகத்தை எடுத்தால் உள்ளே இருப்பதெல்லாம் அழிந்து போகுமா? எட்டு வருஷத்துக் கடிதங்களும் குழந்தைகளின் படங்களும் அதில்தான் இருக்கின்றன.”

இந்த அச்சம் பலருக்கு உண்டு. ‘நினைவகம்’ என்று நாம் வைத்துக்கொண்ட பெயரே அதற்குக் காரணம். வீட்டில் பீரோ ஒன்றும் மேசை ஒன்றும் இருக்கின்றன என்று வைத்துக்கொள்வோம். தாள்களெல்லாம் பீரோவில் அடுக்கப்பட்டிருக்கும். வேலை செய்யும்போது வேண்டியவற்றை மட்டும் எடுத்து மேசைமீது பரப்பிக்கொள்வோம். கணிப்பொறியில் பீரோ என்பது ஹார்டு டிஸ்க். ராம் எனப்படும் நினைவகம் மேசை. மேசை சிறிதாக இருந்தால் ஒன்றை வைக்க மற்றொன்றை எடுக்க வேண்டும். அதனால் வேலை தாமதிக்கும். மேசையை மாற்றினால் பீரோவில் உள்ள தாள்களுக்கு ஒன்றும் நேராது. இதைச் சொன்னதும் அம்மையார் சற்றே மூச்சு விட்டார்.

மின்சாரம் நின்றவுடன் இந்த மேசை தானே வெறுமையாகிவிடுகின்றது என்பது மற்றொரு விந்தை. 1960ஆம் ஆண்டு பம்பாயில், டாட்டா ஆதார ஆராய்ச்சி நிலையத்தில், நம் நாட்டினர் தாமே அமைத்த கணிப்பொறி ஒன்று இயங்கத் தொடங்கிற்று. 1962இல் நேரு அவர்கள் அதற்கு ‘டிப்ராக்’ என்று பெயரிட்டார். அதனை அமைத்த குழுவுக்குத் தலைமை தாங்கியவர் சென்னையிற் பிறந்து, கிண்டி பொறியியற் கல்லூரியிற் பயின்ற ஆர். நரசிம்மன் என்பது நாம் பெருமையுடன் நினைக்கத்தக்கது. அதன் நினைவகம் சின்னஞ்சிறு காந்த வளையங்களைக் கம்பிகளிற் கோத்து அமைக்கப்பட்டது. 40 துணுக்குகள் கொண்ட சொற்கள் 2048ஐ அது தாங்கும். இன்றைய கணக்கில் அது சுமார் 10 கிலோபைட். அம்மையாரின் கணிப்பொறியில் இருந்த 4 ஜிபியோ அதைப்போல் நான்கு இலட்சம் மடங்குக்கும் மேற்பட்டது. ஆனால் அந்த வளையங்கள் மின்சாரம் நின்றாலும் தாம் ஏற்றதை மறப்பதில்லை. 1966இல் அமெரிக்காவில் ஐ.பி.எம். நிறுவனத்தைச் சார்ந்த இராபர்ட் டெனார்டு என்பார் வேறொரு வழி கண்டார். ஒரு டிரான்சிஸ்டரும் மின்னூட்டம் தேக்கும் ஒரு கெபாசிட்டரும் சேர்ந்து ஒரு துணுக்கைக் காக்கும் அமைப்பு அது. இன்று நம் கையிலுள்ள ராம் யாவும் அதன் வழிவந்தவையே. ஓட்டைக் குடத்தில் நீர் போல அதில் மின்னூட்டம் கசிந்துகொண்டே இருக்கும். ஆகவே நொடிக்குப் பதினைந்து முறைக்குக் குறையாமல் ஒவ்வோர் அறையையும் மீண்டும் நிரப்பிக்கொண்டே இருக்க வேண்டும். மின்சாரம் நின்றால் குடம் காலி. விலை மலிவும் இடச் சிக்கனமும் வேண்டி இந்த மறதியை உலகம் ஏற்றுக்கொண்டது.

நிற்க.

பிளக்கைச் சுவரிலிருந்து பிடுங்கிவிட்டு, இயக்கும் பொத்தானைச் சிறிது நேரம் அழுத்திப் பிடித்தேன். உள்ளே தேங்கிய மின்சாரம் இதனால் வடியும். பின் பெட்டியின் வெறும் இரும்புப் பகுதியைத் தொட்டேன். புனேயில் மழை ஓய்ந்தபின் காற்று வறண்டுவிடும். நம் உடம்பில் நாமறியாமல் நிலைமின்சாரம் ஏறி நிற்கும். கம்பளி ஆடையைக் கழற்றும்போது படபடவென்று ஒலிக்கின்றதே, அதுதான். அது நமக்கு ஒரு சுருக்கு. நினைவகச் சில்லுக்கோ நஞ்சு.

உள்ளே பழைய 4 ஜிபி பலகை ஒன்று இரண்டாவது ஸ்லாட்டில் செருகப்பட்டிருந்தது. புதிய 8 ஜிபி பலகை காகித உறையில் மேசைமேல் கிடந்தது. நான் பழையதையும் எடுத்துவிட்டேன். நினைவகமே இல்லாமல் பொறியை இயக்கச் சொன்னேன். “ஒன்றுமே இல்லாமலா?” என்று கணவர் சிரித்தார்.

இயக்கியதும் பெட்டிக்குள்ளிருந்து நீண்ட ஒலி ஒன்று எழுந்தது, நின்றது, மீண்டும் எழுந்தது. அம்மையார் காதைப் பொத்திக்கொண்டார். எனக்கோ அது நாதசுரம் போல் இனித்தது. மதர்போர்டு இறந்திருந்தால் யார் கத்துவார்? ‘என் நினைவகம் எங்கே?’ என்று முறையிடும் அளவுக்கேனும் மதர்போர்டுக்கும் செயலிக்கும் உயிர் இருக்கின்றது என்பதற்கு அந்த ஒலியே சான்று. ஏழாயிரம் ரூபாய்க்கான நோய் அதுவன்று என்பது அப்பொழுதே ஏறக்குறைய விளங்கிவிட்டது. இவ்வொலிக் குறிகள் எல்லாப் பொறிகளுக்கும் ஒன்றல்ல என்பதையும் சொல்லிவிட வேண்டும். நீண்டது, குறுகியது, எத்தனை முறை என்பன மதர்போர்டு செய்தவரைப் பொறுத்து மாறும். அதன் கையேட்டில் பட்டியல் இருக்கும். ஒலிபெருக்கித் துண்டே பொருத்தப்படாத பெட்டிகளும் உண்டு. அவற்றில் மௌனத்தைக் கொண்டு எதையும் முடிவு செய்யலாகாது.

அடுத்தது பழைய பலகை. அதன் விளிம்பிலுள்ள பொன்னிறப் பற்கள் மங்கியிருந்தன. ஆற்றங்கரை ஊர், நான்கு மாத மழை, ஈரமும் தூசும் படியாமல் என்ன செய்யும்? பள்ளிப் பிள்ளையின் வெள்ளை ரப்பரால் மெல்லத் துடைத்து, துகள்களைத் தூரிகையால் போக்கினேன். ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் தோய்த்த பஞ்சு இன்னும் நல்லது. அன்று கைவசம் இல்லை. பிறகு ஸ்லாட்டின் இரு பக்கக் கொக்கிகளையும் விரித்து, பலகையின் வெட்டு ஸ்லாட்டின் மேட்டுக்கு நேராக வரும்படி பிடித்து, இரு முனைகளிலும் பெருவிரல்களால் சமமாக அழுத்தினேன். ‘டக்’ என்ற ஓசையுடன் கொக்கிகள் தாமே மூடிக்கொண்டன. இந்த ஓசையே முக்கியம். கொக்கியைக் கையால் மூடிவிட்டு, பலகை உட்கார்ந்துவிட்டது என்று எண்ணுவோர் மிகப் பலர். அன்று கணவர் செய்ததும் அதுவே: புதியதை எடுத்துவிட்டுப் பழையதைச் செருகியவர், உடைந்துவிடுமோ என்று அஞ்சிப் பாதி அழுத்தத்தில் விட்டுவிட்டார். அதனால்தான் பழைய நிலைக்கு மாற்றியும் திரை வரவில்லை. பழுது பார்க்க வந்த இளைஞனும் அதனைத் தொட்டுப் பார்க்கவில்லை.

இயக்கினோம். ஒரே ஒரு குறுகிய ஒலி, திரை ஒளிர்ந்தது. அம்மையார் கும்பிட்டார். எனக்கு வெட்கமாகிவிட்டது, நான் செய்தது ஒரு பலகையை நன்றாக அழுத்தியது மட்டுந்தான்.

ஆயினும் கதை முடியவில்லை. பழைய பலகையை அடுத்த ஸ்லாட்டில் மாற்றிச் செருகிப் பார்த்தேன், அங்கும் இயங்கிற்று. ஆகவே இரு ஸ்லாட்டுகளும் நலம். புதியதை மட்டும் தனியே வைத்தேன், திரை இருண்டது. ஸ்லாட் மாற்றினேன், இருள்தான். மின்கலத்தை எடுத்து, பொறியின் அடிப்படை அமைப்புகளை ஆதி நிலைக்குக் கொணர்ந்தும் பார்த்தேன்; பயனில்லை. ஒரு நேரத்தில் ஒன்றை மட்டுமே மாற்றி வந்ததால், ஐயம் கடைசியில் அந்தப் புதிய பலகையின்மீதே வந்து நின்றது.

வகை பொருந்தாதோ என்றால் அதுவுமன்று. நினைவகப் பலகைகளில் தலைமுறைகள் உண்டு. டிடிஆர்2, டிடிஆர்3 இரண்டுக்கும் 240 முனைகள். டிடிஆர்4, டிடிஆர்5 இரண்டுக்கும் 288. முனைகளின் எண்ணிக்கை ஒத்தாலும் நடுவிலுள்ள வெட்டு இடம் மாறியிருக்கும். ஆதலால் ஒன்றன் ஸ்லாட்டில் மற்றொன்று நுழையாது. மின்னழுத்தமும் வேறு: டிடிஆர்3 வகைக்கு 1.5 வோல்ட், டிடிஆர்4 வகைக்கு 1.2. நுழையாததை வலிந்து நுழைத்தால் பலகையும் போம், பொறியும் போம். இவர்கள் வாங்கியதோ சரியான டிடிஆர்3. வெட்டும் பொருந்தியது, வேகமும் பொருந்தியது. மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு அதன் சீட்டைப் படித்தேன். மூலையில், கடுகளவு எழுத்தில், ‘ஏ.எம்.டி.க்கு மட்டும்’ என்ற பொருள்பட அச்சிட்டிருந்தது. அம்மையாரின் கணிப்பொறியின் செயலி இன்டெல்!

சந்தையில் இத்தகைய பலகைகள் மலிவாகக் கிடைக்கின்றன. அவற்றின் சில்லுகளில் அறைகளை நிரைப்படுத்தி எண்ணிட்டிருக்கும் முறை வேறு. ஏ.எம்.டி. செயலிகள் சிலவற்றின் கட்டுப்பாட்டகம் அம்முறையை அறியும். இன்டெல்லின் மேசைக் கணிப்பொறிச் செயலிகள் அறியா. தபால்காரர் நல்லவர், வீடும் நல்ல வீடு; கதவிலக்கம் மட்டும் அவர் அறியாத வரிசையில் இருந்தால் கடிதம் எப்படிச் சேரும்? பலகையில் பழுதில்லை, பொறியில் பழுதில்லை. இரண்டும் சேர்ந்தால்தான் தொல்லை. இவ்வுண்மையைச் சொல்லி விற்காதவரை நான் நல்ல வணிகர் என்று சொல்ல மாட்டேன். விற்றவர் பொருளைத் திரும்ப எடுத்துக்கொள்ள மறுத்துவிட்டார். ‘சீட்டில் போட்டிருக்கிறதே’ என்பது அவர் வாதம்.

இதனினும் வருந்தத்தக்கது ஒன்று அடுத்து வெளிப்பட்டது. திரை வந்தபின், விண்டோஸின் விவரப் பக்கத்தைத் திறந்து பார்த்தேன். பொருத்திய நினைவகம் 4 ஜிபி என்றும், அதிற் பயன்படத்தக்கது 3.4 ஜிபி என்றும் காட்டிற்று. கீழே ‘32 பிட்’ என்றிருந்தது. அன்பர்கள் இவ்விடத்தைச் சற்றுக் கவனிக்க வேண்டுகிறேன். 32 பிட் விண்டோஸ், நினைவக அறைகளுக்கு 32 இலக்க இருமஎண்ணால் முகவரி இடுகின்றது. அத்தகைய முகவரிகள் மொத்தம் 429 கோடியே 49 இலட்சத்து 67 ஆயிரத்து 296. அதாவது சரியாக 4 ஜிபி. அதிலும் ஒரு பகுதி திரை முதலிய கருவிகளுக்கென்று ஒதுக்கப்பட்டுவிடும். ஆகவே பொருத்தமான 8 ஜிபி பலகையையே வாங்கிச் செருகியிருந்தாலும், அம்மையாருக்கு ஒரு துளியும் பயன் கிடைத்திராது! மேசையைப் பெரிதாக்கலாம், எட்டும் கை நீளவில்லையே. வாங்குமுன் இந்த ஒரு பக்கத்தை யாரேனும் பார்த்திருந்தால் பணமும் மிஞ்சியிருக்கும், பதற்றமும் நேர்ந்திராது.

“அப்படியானால் இன்றே 64 பிட் போட்டுவிடுங்கள், அண்ணா” என்றார் அம்மையார்.

நான் மறுத்துவிட்டேன். 32 பிட் விண்டோஸை 64 பிட்டாக அப்படியே மாற்ற இயலாது. கோப்புகளையெல்லாம் வெளியே படியெடுத்து வைத்து, அனைத்தையும் புதிதாக நிறுவ வேண்டும். விரற்பதிவுக் கருவிக்குரிய மென்பொருளையும் மீண்டும் ஏற்ற வேண்டும். அது ஒத்து வருமா என்பது செய்து பார்த்தால்தான் தெரியும். நவம்பர் முடியப் பதினைந்து நாட்களே இருந்தன. வாசலில் பதினோரு பெரியவர்கள் காத்திருந்தனர். மெதுவாக ஓடினும் ஓடுகின்ற பொறியை அம்மாதத்தில் தொடக்கூடாது என்றேன். அம்மையாருக்கு அது உவப்பாக இல்லை, ஆயினும் கேட்டுக்கொண்டார்.

வேகம் குறைந்ததற்குக் கண்ணெதிரே இருந்த காரணங்கள் சிலவற்றை அன்றே நீக்கினோம். பொறி தொடங்கும்போதே தாமாக எழும் நிரல்கள் ஒன்பது இருந்தன. வேண்டாத ஏழினை நிறுத்தினேன். செயலியின்மேல் சுழலும் விசிறியில் ஒரு விரற்கடைத் தூசு. அதைப் போக்கினேன். இவற்றால் மட்டும் ஓரளவு உயிர் வந்தது.

டிசம்பர் முதல் வாரத்தில் மீதிப் பணியை எடுத்துக்கொண்டோம். கோப்புகளை இரண்டு இடங்களிற் படியெடுத்தோம். 64 பிட் விண்டோஸ் 10 நிறுவினேன். விரற்பதிவுக் கருவி ஒருநாள் முரண்டு பிடித்து, மறுநாள் வழிக்கு வந்தது. பிறகு நானே கணவருடன் நகரத்துக்குச் சென்று, தாப்கீர் கல்லியில் பழைய பலகையின் சீட்டைக் காட்டி, அதே வகையில் 4 ஜிபி பலகை ஒன்று வாங்கினேன். ஒத்த அளவினவாக இரண்டு பலகைகள் இருந்தால், பொறி அவற்றை இணையாக ஓட்டும்; பெரிதொன்றும் சிறிதொன்றுமாக இருப்பதைவிட அது மேல். பொருத்தியபின், விண்டோஸிலேயே உள்ள நினைவகச் சோதனையை ஓர் இரவு முழுதும் ஓடவிட்டோம். சிலவகைப் பழுதுகள் உடனே தோன்றா; பத்து நாள் கழித்து, ஒரு விண்ணப்பத்தின் நடுவில் திரை நீலமாகி நிற்கும்போதுதான் தெரியும். அப்பொழுது யாரும் நினைவகத்தை ஐயுறமாட்டார்கள். காலையில் பிழை ஒன்றும் இல்லை என்று வந்தது. விவரப் பக்கத்தில் 8 ஜிபி, பயன்படத்தக்கது 7.9 என்று கண்டு அம்மையார் அதைக் கைப்பேசியில் படம் பிடித்துக்கொண்டார்.

உண்மையைச் சொன்னால், பழைய ஹார்டு டிஸ்க்கை எடுத்துவிட்டு எஸ்.எஸ்.டி. வைத்திருந்தால் இதைவிடக் கூடிய வேகம் கிடைத்திருக்கும். அவர்கள் அதை அடுத்த தீபாவளிக்குத் தள்ளி வைத்தனர்; நான் வற்புறுத்தவில்லை. இன்று இக்கட்டுரையைப் படித்துவிட்டு நினைவகம் வாங்கப் புறப்படும் அன்பர்களுக்கு இரண்டு செய்திகள் சொல்ல வேண்டும். 2025ஆம் ஆண்டின் இறுதியில், செயற்கை நுண்ணறிவுக் கூடங்களின் பெருந்தேவையால், நினைவக விலை உலகெங்கும் கடுமையாக ஏறிற்று. ஆதலால் தவறாக வாங்குவதன் நட்டம் முன்னிலும் பெரிது. விண்டோஸ் 10க்குப் பொதுவாக அளிக்கப்பட்டு வந்த பாதுகாப்புத் திருத்தங்களும் 2025 அக்டோபர் 14ஆம் நாளுடன் நின்றன. பழைய பொறிக்குப் பணம் செலவிடுமுன் அதையும் எண்ணிப் பார்க்க வேண்டும்.

அந்த நவம்பரில் பதினோரு பெரியவர்களின் சான்றும் காலத்தில் போய்ச் சேர்ந்தன. கடைசியாக வந்தவருக்கு எண்பத்திரண்டு வயது. பாக்டரியில் முப்பத்தைந்து ஆண்டுகள் உலோகம் தேய்த்த விரல்கள். ரேகை மழுங்கி, கருவி ஏற்க மறுத்தது. வலக்கையில் ஐந்து, இடக்கையில் நான்கு என்று ஒவ்வொரு விரலாக வைத்துப் பார்த்தோம். “நான் உயிரோடு இருப்பது எனக்கே நிச்சயமில்லை, மிஷினைக் குற்றம் சொல்லாதே அம்மா” என்று அவர் சிரித்தார். பத்தாவது விரல் பதிந்தது.

‘ஏ.எம்.டி.க்கு மட்டும்’ என்ற அந்த 8 ஜிபி பலகை, போபோடியிலுள்ள ஒரு கல்லூரி மாணவனின் கணிப்பொறிக்குப் பாதி விலையில் போயிற்று. அவன் பொறியில் முதல் அழுத்தத்திலேயே திரை வந்துவிட்டது.